மைக் பிடித்த கை, கணக்கு எழுதிய கை

இலக்கிய மன்றம் முதல் என்.சி.சி. வரை: பள்ளி மன்றங்கள் பிள்ளைகளுக்கு வேலை வாங்கித் தருமா?

2022 ஆகஸ்ட் 7, ஞாயிற்றுக்கிழமை காலை 9.18. ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து எஸ்.எஸ்.எல்.வி. என்ற புது ராக்கெட் முதன்முறையாகக் கிளம்புகிறது. பார்வையாளர் மாடத்தில் பள்ளி மாணவிகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ராக்கெட்டுக்குள் இருக்கும் 8 கிலோ செயற்கைக்கோள் அவர்களுடையது. பெயர் 'ஆசாதிசாட்'. நாடு முழுக்க 75 அரசுப் பள்ளிகள், பள்ளிக்குப் பத்துப் பேர், மொத்தம் 750 மாணவிகள். ஒவ்வொரு குழுவும் செய்தது சுமார் 50 கிராம் எடையுள்ள ஒரு குட்டிக் கருவி. மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியும் அதில் உண்டு. இவர்களை ஒருங்கிணைத்தது சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா என்ற அமைப்பு.

மூன்று கட்டங்களும் ஒழுங்காக எரிந்தன. கைதட்டல். அதன்பிறகு, பயணத்தின் கடைசிப் பகுதியில், தகவல் வருவது தடைபட்டது. 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டிய செயற்கைக்கோள்கள், ஒரு பக்கம் 356, மறுபக்கம் வெறும் 76 கிலோமீட்டர் என்ற கோணல் பாதையில் போய் விழுந்திருந்தன. 76 கிலோமீட்டரில் காற்று இருக்கிறது, எதையும் சுற்ற விடாது. அன்றைக்கே கதை முடிந்தது. இரண்டாம் கட்டம் பிரிந்தபோது எழுந்த அதிர்வை, உணரிகளே பழுதாகிவிட்டதாக ராக்கெட்டின் கணினி தப்பாக எடுத்துக்கொண்டதுதான் காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. தோல்விக்கு மாணவிகளின் கருவிகள் காரணம் இல்லை.

ஆறு மாதம் கழித்து, 2023 பிப்ரவரி 10 அன்று, அதே 9.18க்கு அடுத்த எஸ்.எஸ்.எல்.வி. கிளம்பியது. 'ஆசாதிசாட்-2' 450 கிலோமீட்டர் உயரத்தில் போய் உட்கார்ந்தது.

இந்த 750 பேரும் இஸ்ரோவுக்குப் போகப்போவதில்லை. சிலர் நர்சிங் படிப்பார்கள், சிலர் வங்கித் தேர்வு எழுதுவார்கள், சிலருக்குக் கல்யாணம் ஆகிவிடும். ஆனால் பத்துப் பேர் சேர்ந்து ஒரு வேலையைப் பிரித்துக்கொண்டது, கெடு தேதிக்குள் முடித்தது, தன் தவறே இல்லாமல் எல்லாம் பாழானதைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தது, இவை மூன்றும் எந்த மார்க் ஷீட்டிலும் வராது. சம்பளம் கொடுத்து ஆள் எடுப்பவர்கள் தேடுவது இவற்றைத்தான்.

முதலாளி எதற்குக் காசு கொடுக்கிறார்?

பின்னணியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஹார்வர்டு பொருளாதார அறிஞர் டேவிட் டெமிங் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1980க்கும் 2012க்கும் நடுவே அமெரிக்க வேலைகளில் மனிதரோடு மனிதர் அதிகம் பழக வேண்டிய வேலைகளின் பங்கு ஏறக்குறைய 12 சதவீதப் புள்ளிகள் கூடியது. கணக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்ற வேலைகளின் பங்கோ குறைந்தது. கணக்கைக் கணினி பார்த்துக்கொள்கிறது.

உலகப் பொருளாதார மன்றத்தின் 2025 வேலைவாய்ப்பு அறிக்கையில், நிறுவனங்கள் கேட்கும் திறன்களில் முதலிடம் பகுத்தாய்ந்து சிந்திப்பதற்கு. அடுத்து வருவன அடிபட்டாலும் எழுந்து நிற்கும் தன்மை, சூழலுக்கேற்ப வளைந்துகொடுப்பது, தலைமைப் பண்பு. இந்தியாவிலோ, இந்தியா ஸ்கில்ஸ் ரிப்போர்ட் 2025 பட்டதாரிகளில் 54.81 சதவீதம் பேர்தான் வேலைக்குத் தகுதியானவர்கள் என்கிறது. இரண்டு தசமப் புள்ளி வரை தகுதியை அளந்துவிட்ட அந்தத் துல்லியத்தை நான் அப்படியே நம்பவில்லை. ஆனாலும், கேம்பஸ் இன்டர்வியூவில் குரூப் டிஸ்கஷன் முடிந்து வெளியே வரும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்த எந்தப் பேராசிரியரும் விஷயத்தை மறுக்க மாட்டார்.

மன்றங்களோடு இதை நேரடியாக முடிச்சுப் போட்ட ஆய்வு ஒன்று உண்டு. கலிஃபோர்னியாவின் பொருளாதார அறிஞர்கள் பீட்டர் குன், கேத்தரின் வைன்பெர்கர் இருவரும் 2005இல் வெளியிட்டது. பள்ளியில் அணித் தலைவராகவோ மன்றத் தலைவராகவோ இருந்த ஆண்கள், அதே அளவு அறிவுத் தேர்வு மதிப்பெண் வாங்கிய மற்றவர்களைவிடப் பிற்காலத்தில் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். வரையறையையும் காலத்தையும் பொறுத்து அந்த வித்தியாசம் 4 சதவீதத்தில் இருந்து 33 சதவீதம் வரை. அவர்கள் பார்த்தது அமெரிக்க ஆண்களை மட்டும். தலைவனாகும் குணம் உள்ளவன்தான் தலைவனானான், மன்றம் என்ன செய்தது என்று கேட்கவும் இடம் இருக்கிறது. நியாயமான கேள்விதான். பதிலுக்கு ஆய்வுக் கூடத்தைவிட ஆண்டு விழா மேடைக்குப் பின்னால் போய்ப் பார்ப்பது நல்லது.

ஆண்டு விழாவுக்கு ஒரு மாதம் முன்பு

மன்றம் என்றதும் நமக்கு மேடைதான் நினைவுக்கு வரும். பேச்சுப் போட்டி, பட்டிமன்றம், பரிசுக் கோப்பை. பேசிய பிள்ளை கைதட்டல் வாங்குகிறது, சரி. ஆனால் வேலைக்கான பயிற்சி அதிகம் நடப்பது மேடைக்குக் கீழே.

இலக்கிய மன்றச் செயலாளராக ஒரு பதினொன்றாம் வகுப்புப் பையனையோ பெண்ணையோ நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலை கடிதம். அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா வணக்கம். தலைமையாசிரியர் அனுமதிக்கு ஒன்று, சிறப்பு விருந்தினருக்கு ஒன்று, பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் நாற்காலி கேட்டு ஒன்று. மூன்றையும் ஒரே தொனியில் எழுத முடியாது என்பது இரண்டாவது கடிதத்திலேயே புரிந்துவிடும். தேர்வில் எழுதும் கடிதத்துக்குப் பதில் வருவதில்லை. இதற்கு வரும். சிறப்பு விருந்தினர் தேதியை மாற்றுவார். மாற்றினால் அழைப்பிதழ் மாறும், அச்சகத்துக்கு ஓட வேண்டும்.

அச்சகத்தில் அடுத்த பாடம். ப்ரூஃப் பார்க்கக் கொடுத்த தாளில் ஊராட்சித் தலைவரின் இனிஷியல் தப்பு. யாரும் கவனிக்காமல் இருநூறு அழைப்பிதழ் அடித்துவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிக்கொடுக்கத் தமிழ்த் தேர்வுத் தாளில் எந்தக் கேள்வியும் கிடையாது.

பிறகு மைக் செட்.

"அண்ணே, போன வருஷம் கொடுத்த அதே ரேட்டுக்குப் போட்டுக் குடுங்கண்ணே."

"போன வருஷம் டீசல் என்ன விலை தம்பி? அட்வான்ஸ் கொண்டு வந்தியா?"

"சார் கையெழுத்துப் போட்டாத்தான் காசு. நாளைக்கு வாங்கிட்டு வரேன். ஆனா ரசீது வேணும்ணே."

பேரம், பட்ஜெட், ஒப்புதல், ரசீது. வணிகவியல் பாடத்தில் ஒரு பருவம் முழுக்க வருவது இந்த நான்கும்தான். இங்கே ஒரே மாலையில் முடிகிறது. இதற்குப் பிறகு வருவதுதான் இன்னும் கடினம். நாடகத்தில் வாய்ப்புக் கிடைக்காத நண்பன் பேச மாட்டேன் என்கிறான். ஆசிரியரின் மகளுக்குத்தான் முதல் பரிசு என்று வகுப்பில் புகைச்சல். யாரைச் சமாதானம் செய்வது, யாரிடம் உறுதியாக நிற்பது, எதை ஆசிரியர் காதுக்குக் கொண்டுபோவது, எதைத் தங்களுக்குள்ளேயே முடித்துக்கொள்வது? பெரிய நிறுவனங்கள் இதற்கு இரண்டு நாள் பயிற்சி முகாம் வைத்து, நட்சத்திர ஹோட்டலில் சாப்பாடும் போடுகின்றன.

விழா முடிந்து எல்லோரும் போன பிறகு கணக்கு. வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, நாற்பது ரூபாய் இடிக்கிறது. அந்த நாற்பது ரூபாயைக் கண்டுபிடிக்கும் வரை வீட்டுக்குப் போகாத பிள்ளையை நம்பி நாளைக்கு ஒருவர் கடைச் சாவியைக் கொடுக்கலாம்.

என்.எஸ்.எஸ். முகாமிலும் இதே கதைதான். மகாத்மா காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது நாட்டு நலப்பணித் திட்டம். இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரச் சேவை, ஒரு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். மரக்கன்று நட்டதையும் கோயில் வளாகம் கூட்டியதையும் படம் எடுத்து மாட்டுவார்கள். படத்தில் வராதது சமையல் பொறுப்பு. ரவை எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, காஸ் தீர்ந்தால் யாரிடம் கேட்பது, நாளைக் காலை தண்ணீர் லாரி வருமா? ஊராட்சித் தலைவரிடம் போய் நின்று பேச வேண்டியவர், அதுவரை அப்பாவின் நண்பரிடம்கூட நிமிர்ந்து பேசாத பதினாறு வயதுப் பிள்ளை.

இது கணினி நிறுவன வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டுமான சங்கதி என்று நினைக்க வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் தொழிற்சாலைகளில் ஒரே நாளில் ஒரே சம்பளத்துக்குச் சேர்ந்த இளைஞர்களில் ஒருவர் லைன் லீடராக உயர்வதும், இன்னொருவர் அதே இருக்கையில் தங்கிவிடுவதும் கைவேகத்தால் மட்டும் முடிவாவதில்லை. ஷிப்ட் மாறும்போது நடந்ததைக் குழப்பம் இல்லாமல் அடுத்த குழுவுக்குச் சொல்ல வேண்டும், பழுதை மறைக்காமல் சூப்பர்வைசரிடம் தெரிவிக்க வேண்டும், கூட வேலை செய்பவர்கள் முகம் சுளிக்காதபடி திருத்த வேண்டும். ஜவுளிக்கடை, மருத்துவமனை வரவேற்பு, கூரியர் அலுவலகம் என்று எங்கே போனாலும் இதே கேள்வித்தாள்தான்.

பெட்டிச் செய்தி: சான்றிதழின் எடை என்ன?

● என்.சி.சி. 1948இல் சட்டம் இயற்றித் தொடங்கப்பட்டது. பள்ளியில் ஜூனியர் பிரிவில் இரண்டு ஆண்டு முடித்தால் 'ஏ' சான்றிதழ்த் தேர்வு எழுதலாம். அணிவகுப்பு வருகை 75 சதவீதமாவது இருக்க வேண்டும், ஒரு முகாம் போயிருக்க வேண்டும். 'பி', 'சி' இரண்டும் சீனியர் பிரிவில்.

● மத்திய ஆயுதக் காவல் படைகளுக்கு எஸ்.எஸ்.சி. நடத்தும் ஜி.டி. காவலர் தேர்வில் 'சி' சான்றிதழுக்கு மொத்த மதிப்பெண்ணில் 5 சதவீதம், 'பி'க்கு 3, 'ஏ'க்கு 2 சதவீதம் ஊக்க மதிப்பெண். 160 மதிப்பெண் தேர்வில் பள்ளியில் வாங்கிய 'ஏ' மட்டுமே 3.2 மதிப்பெண் தரும். அரை மதிப்பெண்ணில் வேலை போகும் தேர்வு அது.

● தமிழ்நாடு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்குத் தனியே சிறப்பு மதிப்பெண் உண்டு.

● பட்டப் படிப்போடு 'சி' சான்றிதழில் 'பி' கிரேடாவது வைத்திருப்பவர்கள் என்.சி.சி. சிறப்பு நுழைவு வழியாக, யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வு இல்லாமலே ராணுவ அதிகாரிக்கான எஸ்.எஸ்.பி. நேர்காணலுக்குப் போகலாம்.

இரண்டாவது கேள்வியில் தெரிந்துவிடும்

சீருடை வேலைகளுக்கு வெளியே சான்றிதழுக்கு இப்படி மதிப்பெண் கிடையாது. அங்கே அது ரெஸ்யூமில் ஒரு வரி. 'நாட்டு நலப்பணித் திட்டத் தன்னார்வலர்', 'சுற்றுச்சூழல் மன்றச் செயலாளர்'. நேர்காணல் நடத்துபவர் அந்த வரியைப் பார்த்து முதல் கேள்வி கேட்பார்: மன்றத்தில் என்ன செய்தீர்கள்? மரம் நட்டோம் என்று எல்லோரும் சொல்வார்கள். இரண்டாவது கேள்விதான் ஆபத்து: எத்தனை நட்டீர்கள், எத்தனை பிழைத்தன, மீதி ஏன் காய்ந்தன?

தண்ணீர் ஊற்றியவனுக்குப் பதில் தெரியும். கோடை விடுமுறையில் பள்ளி பூட்டியிருந்தது, வாட்ச்மேன் ஐயாவிடம் சொல்லி வைத்தோம், அவர் ஊருக்குப் போய்விட்டார், அடுத்த வருஷம் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் பொறுப்பைக் கொடுத்தோம், பாதி தப்பியது. திட்டமிட்டது, தோற்றது, மாற்று வழி பார்த்தது எல்லாம் அதற்குள் வந்துவிடுகிறது. படத்துக்கு நின்றுவிட்டுச் சான்றிதழ் வாங்கியவன் இந்த இடத்தில் திணறுவான். சுற்றுச்சூழல் மன்றங்களுக்காக 2001இல் தேசியப் பசுமைப் படை தொடங்கி ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆகிறது. படம் எடுத்த மரங்களையும் பிழைத்த மரங்களையும் தனித்தனியே எண்ணிப் பார்த்த பள்ளிகளின் பிள்ளைகளுக்கு அந்த இரண்டாவது கேள்வி பயமில்லை.

மன்றம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குத் தமிழ்நாட்டுக்குத் தெரிந்த பழைய உதாரணம் திருவாரூரில் இருக்கிறது. பள்ளி மாணவராக இருந்த மு. கருணாநிதி 'மாணவநேசன்' என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார், தமிழ் மாணவர் மன்றம் அமைத்தார், 1942 ஆகஸ்டில் 'முரசொலி'யைத் துண்டறிக்கையாகக் கொண்டுவந்தார். அப்போது அவருக்கு வயது 18. எழுத்து, அச்சு, நன்கொடை, கூட்டம் சேர்ப்பது என்று பிற்காலத்தில் சினிமாவிலும் பத்திரிகையிலும் அரசியலிலும் அவருக்குச் சோறு போட்ட வேலைகள் அத்தனையும் அந்த மன்றத்துக்குள்ளேயே ஒத்திகை பார்க்கப்பட்டுவிட்டன. அவரது அரசியலை ஏற்பதும் மறுப்பதும் வேறு விஷயம். பள்ளி இறுதித் தேர்வில் அவர் தேறவில்லை என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்ளலாம்.

பத்தாவது வந்துவிட்டால்...

இத்தனை பயன் இருந்தும் மன்றம் பிள்ளைகள் கையில் இருந்து நழுவுவது எப்போது? பெரும்பாலான வீடுகளில் அதற்குத் துல்லியமான நாள் உண்டு: பத்தாம் வகுப்பு தொடங்கும் ஜூன் மாதம். அதுவரை கராத்தே, ஓவியம், சாரணர் என்று அலைந்த பிள்ளையிடம் "இந்த ஒரு வருஷம் எல்லாத்தையும் ஓரங்கட்டு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள். அந்த ஒரு வருஷம் முடிவதே இல்லை. பத்துக்குப் பிறகு பிளஸ் ஒன், பிளஸ் டூ, நீட், ஜே.இ.இ. பள்ளியும் தன் பங்குக்கு உதவும். விளையாட்டுப் பீரியடையும் மன்றப் பீரியடையும் கணக்கு ஆசிரியர் "கொஞ்சம் போர்ஷன் பாக்கி" என்று வாங்கிக்கொள்வார்.

அரசு சும்மா இருக்கவில்லை. 2022 மார்ச் 1இல் 'நான் முதல்வன்' திறன் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் திருச்சியில் 'வானவில் மன்றம்' தொடங்கியது. 13,000க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை, 'எங்கும் அறிவியல், யாவும் கணிதம்' என்ற முழக்கத்தோடு, கருத்தாளர்கள் வந்து சோதனைகள் செய்துகாட்டுகிறார்கள். கலைத் திருவிழாவில் வென்றவர்கள் 'கலையரசன்', 'கலையரசி' ஆனார்கள். சிறார் திரைப்பட விழாவில் மாதம் ஒரு படம் பார்த்துப் பேசுகிறார்கள். மத்திய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகத்துக்குப் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் மானியம். இத்தகைய ஆய்வகங்கள் நாடு முழுக்க 10,000 அமைக்கப்பட்டிருக்கின்றன.

பட்டியல் நன்றாகவே இருக்கிறது. ஆனால் வயதைப் பாருங்கள். வானவில் எட்டாம் வகுப்போடு மறைகிறது. பதின்மூன்று வயதில் ப்ரொஜெக்டரை மாட்டிக் காட்டிய பையனுக்குப் பதினாறு வயதில் அதைத் தொட நேரமில்லை. ஒரு பிள்ளை பொறுப்பை முழுசாகத் தாங்கும் வயதும், கடிதம் எழுதி, பேரம் பேசி, கணக்கு முடிக்கும் வயதும் பதினைந்துக்கு மேல்தான். சரியாக அங்கேதான் கதவைச் சாத்துகிறோம்.

நாலரை மணி பஸ்

பையன்களுக்காவது சாயங்காலம் மைதானம் இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு மன்றம் நடக்கும் நேரமே தடை. பள்ளி விட்ட பிறகு ஐந்தரை வரை ஒத்திகை என்றால், நாலரை மணி டவுன் பஸ்ஸை விட்டுவிட வேண்டும். அடுத்த பஸ் இருட்டில். வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ள, தண்ணீர் பிடிக்க ஆள் வேண்டும். தகுதி இருந்தும் தலைவர் பதவி வேண்டாம் என்று மாணவி ஒதுங்கினால், கூச்சம் என்று நினைப்பதற்கு முன்னால் பஸ் நேரத்தைக் கேட்பது நல்லது.

இதன் விலை என்ன? அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பெட்ஸி ஸ்டீவன்சன் 2010இல் ஒரு கணக்குப் போட்டார். கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாடு கூடாது என்று அங்கே 1972இல் வந்த சட்டம், பள்ளி விளையாட்டிலும் பெண்களுக்குச் சம வாய்ப்புக்கு வழி செய்தது. பெண்களின் விளையாட்டுப் பங்கேற்பு 10 சதவீதப் புள்ளி கூடினால், பிற்காலத்தில் பெண்கள் வேலைக்குப் போகும் விகிதம் 1 முதல் 2 சதவீதப் புள்ளி வரை கூடியதை அவர் கண்டார். விளையாட்டு ஆசிரியரின் விசிலுக்கும் பெண்ணின் சம்பளத்துக்கும் அவ்வளவு நெருங்கிய தொடர்பு.

மதிய இடைவேளையிலோ கடைசிப் பீரியடிலோ மன்றத்தை முடித்துக்கொள்ளும் பள்ளிகளில் மாணவிகள் விடுபடுவதில்லை. இதற்குத் திட்டமோ நிதியோ வேண்டாம், டைம்டேபிளில் ஒரு கோடு அழித்து ஒரு கோடு போட்டால் போதும்.

பெற்றோரின் பயத்துக்கு நியாயமான காரணமும் இருக்கிறது. அதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும்.

பெட்டிச் செய்தி: முகாமுக்கு அனுப்பும் முன்

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. பெயரில் போலி முகாம் நடந்து, மாணவிகள் பாலியல் கொடுமைக்கு ஆளான செய்தி மாநிலத்தையே உலுக்கியது. அந்த முகாமுக்கும் என்.சி.சி. அமைப்புக்கும் தொடர்பே இல்லை. பெற்றோர் கேட்க வேண்டியவை:

● பள்ளிக்கு என்.சி.சி. பிரிவு உண்மையில் ஒதுக்கப்பட்டிருக்கிறதா? எந்த பட்டாலியனின் கீழ்? பட்டாலியன் அலுவலகத்தில் நேரிலேயே கேட்கலாம்.

● பொறுப்பாசிரியர் யார்? என்.சி.சி.யின் இணை அலுவலராகும் ஆசிரியர்களுக்கு முறையான பயிற்சி உண்டு. ஆண்களுக்கு நாக்பூர் அருகே காம்ப்டியிலும் பெண்களுக்கு குவாலியரிலும் அகாடமிகள் இருக்கின்றன. வெளியில் இருந்து வந்து 'மாஸ்டர்' என்று சொல்லிக்கொள்பவர் அந்த அலுவலர் ஆகிவிட மாட்டார்.

● மாணவிகளோடு இரவு தங்கும் பெண் ஆசிரியர்களின் பெயர், கைபேசி எண் எழுத்தில் தரப்பட்டிருக்கிறதா?

● கேள்வி கேட்டதற்காக முகம் சுளிக்கும் பள்ளியில் பிள்ளையை முகாமுக்கு அனுப்ப வேண்டாம்.

காசு கொடுத்தால் தலைவர்

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. மன்றம் வேலைக்கு உதவும் என்று தெரிந்துவிட்டால், வசதி உள்ளவர்கள் அதை வாங்கத் தொடங்குவார்கள். தொடங்கிவிட்டார்கள். பெருநகரத் தனியார் பள்ளிகளில் ரோபாட்டிக்ஸ் கிளப், மாடல் யுனைடெட் நேஷன்ஸ், தொழில்முனைவோர் கிளப் எல்லாம் கட்டணப் பட்டியலோடு வருகின்றன. கோட் சூட் போட்டு ஐ.நா. சபை மாதிரிக் கூட்டத்தில் ஒரு நாட்டின் பிரதிநிதியாகப் பேசப் பங்கேற்புக் கட்டணம், பயணம், ஹோட்டல் என்று செலவு ஏறிக்கொண்டே போகும்.

அது முடிவில் எங்கே போய் நிற்கும் என்பதை நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் லாரன் ரிவேரா 2015இல் வெளிவந்த 'பெடிகிரீ' நூலில் காட்டிவிட்டார். அமெரிக்காவின் பெரும் முதலீட்டு வங்கிகளும் ஆலோசனை நிறுவனங்களும் ஆள் எடுக்கும்போது ரெஸ்யூமில் பாடத்துக்கு வெளியே என்ன செய்தார்கள் என்று பார்த்தன. பார்த்தது எதை? லக்ராஸ், ஸ்குவாஷ், படகுப் போட்டி போன்ற பணக்காரப் பொழுதுபோக்குகளை. மாலையில் கடையில் வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்கிய மாணவனுக்கு அந்த வரியில் எழுத ஒன்றும் இல்லை என்று ஆனது. திறமையைத் தேடுவதாக நினைத்துக்கொண்டு அப்பாவின் பணத்தைத் தேடினார்கள்.

நம் ஊரிலும் சனி, ஞாயிறு சமையல் வேலைக்கும் பந்தல் வேலைக்கும் போகும் பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த வயதில் அந்த உழைப்பு சரியா என்பது வேறு விவாதம். ஆனால் அப்பாவின் பழக்கடையில் கல்லாவில் உட்கார்ந்தவன், கோடைத் திருவிழாவில் கடை போட்டுச் சரக்கு மிச்சப்பட்டு நஷ்டம் கண்டவன், தொழில்முனைவோர் கிளப்பில் கட்டணம் கட்டியவனைவிட அதிகம் தெரிந்தவன். அதை ரெஸ்யூமில் எழுதலாம் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. எழுதினால் கேவலம் என்று நினைக்கிறான். நேர்காணல் நடத்தும் மனிதவளத் துறையினரும் கொஞ்சம் மாற வேண்டியிருக்கிறது.

வசதி இல்லாமலே மேலே போன கதைகளும் உண்டு. கரூர் மாவட்டம் பள்ளப்பட்டியைச் சேர்ந்த ரிஃபாத் ஷாரூக்கின் குழு செய்த 64 கிராம் 'கலாம்சாட்' 2017 ஜூனில் நாசா ராக்கெட்டில் ஏறியது. அதைப் பார்த்து எல்லாப் பள்ளப்பட்டிக்கும் வழி திறந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. ஊருக்கு ஒருவர் மேலே போவதை வைத்துக் கொள்கை எழுத முடியாது.

காகிதத்தில் ஓடும் மன்றங்கள்

அரசுப் பள்ளியில் மன்றம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. பதிவேட்டில் ஏழெட்டு மன்றங்கள் இருக்கும். பல இடங்களில் எல்லாவற்றுக்கும் ஒரே ஆசிரியர் பொறுப்பு. அவரே பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்க வேண்டும், அவரே எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறை இணையதளத்தில் விவரங்களை ஏற்ற வேண்டும். நிகழ்ச்சி நடந்ததற்குச் சாட்சி புகைப்படம். அதனால் முதலில் புகைப்படம் நடக்கும், நேரம் மிச்சம் இருந்தால் நிகழ்ச்சி நடக்கும். ஆசிரியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. படத்தைத்தானே மேலே இருந்து கேட்கிறார்கள்.

மன்றம் உயிரோடு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கூட்டக் குறிப்பேட்டை எடுத்துப் பாருங்கள். அது மாணவர் கையெழுத்தில் இருக்கிறதா, ஆசிரியர் கையெழுத்தில் இருக்கிறதா? மாணவர் எழுதியதில் பிழை இருக்கும், அடித்தல் திருத்தல் இருக்கும், "தீர்மானம் நிறைவேறவில்லை" என்று ஒரு வரியாவது இருக்கும். ஆசிரியர் எழுதியதில் எல்லாத் தீர்மானமும் ஒருமனதாக நிறைவேறியிருக்கும்.

அந்த ஒரு வருஷம் யாருக்கு?

இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. 2025 ஆகஸ்ட் 8 அன்று தமிழ்நாடு அரசு மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டது, பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு நீங்கியது. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே ஒரு வருஷம் மூச்சு விட இடம் கிடைத்திருக்கிறது. மேல்நிலைப் பள்ளிகளில் என்.எஸ்.எஸ். சேர்க்கை நடப்பதும் பிளஸ் ஒன்னில்தான். ஏழு நாள் முகாம், ஆண்டு விழாப் பொறுப்பு, கணக்கு நோட்டு எல்லாவற்றுக்கும் பொருத்தமான வயது.

ஆனால் 2017-18இல் அந்தத் தேர்வு ஏன் கொண்டுவரப்பட்டது என்பதை மறந்துவிட வேண்டாம். பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தை நடத்திக்கொண்டிருந்தன. அதைத் தடுக்க வந்த தேர்வு அது. தடுப்பு போய்விட்டது. பழைய பழக்கம் திரும்பி வரக் காத்திருக்கிறது, நீட் பயிற்சி மையங்களும் காத்திருக்கின்றன.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நடக்கும் பெற்றோர் கூட்டத்தில் பிளஸ் ஒன் டைம்டேபிளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மன்றத்துக்கு என்று போட்ட பீரியடில் எந்த ஆசிரியரின் பெயர் எழுதியிருக்கிறது, ஆகஸ்டில் போய்ப் பார்க்கும்போது அதே பீரியடில் யார் நிற்கிறார்கள்?